அடித்துவிட்ட ஐந்தாவது வாக்கியம்

திருச்சூர்
16 ஜூன் 2025

அன்புள்ள பரிமளா அண்ணிக்கு,

கல்பனா எழுதுகிறேன். எனக்கு உடம்பு பரவாயில்லை. தேங்காய் எண்ணெய்ச் சமையலுக்கு வயிறுதான் முரண்டு பிடிக்கிறது. நீங்களும் அண்ணனும் கீர்த்தியும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். கோச்சிங் ஹாஸ்டலில் சேர்ந்த அன்றைக்கே எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் தருவார்கள். நேற்று வீடியோவில் கீர்த்தி அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஏ பி சி டி படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அப்பா ஒழுங்காக இருந்திருந்தால் எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? அந்த ஆள் இன்னொருத்தி வீட்டில் சுகமாகத்தான் இருக்கிறான்.

வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கான இங்கிலீஷ் பரீட்சை அக்டோபரில். அயர்லாந்து ஆஸ்பத்திரி எனக்காக வைத்திருக்கும் இடம் டிசம்பர் வரைக்கும்தான். மூன்று தடவையும் கேட்டு எழுதும் பேப்பரில்தான் கோட்டை விட்டேன். வெள்ளைக்கார நோயாளி 'vomit' என்று சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறான். 'I threw up' என்கிறான். எதையோ மேலே தூக்கி எறிந்தான் என்று நினைத்து எழுதிவிட்டு வந்தவள் நான்!

இங்கே ஐசக் சார் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நம் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பொய் வாக்கியம் பரீட்சை ஹாலில் மறந்துபோகுமாம். நீங்கள் பி.ஏ. இங்கிலீஷ், பள்ளிக்கூடத்து மிஸ். என் வாக்கியங்களைத் திருத்தி அனுப்புங்கள். பத்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

கீர்த்திக்கு என் முத்தங்கள்.
கல்பனா

உத்திரமேரூர்
24 ஜூன் 2025

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

'I made Keerthi to eat' என்று எழுதியிருக்கிறாய். 'want' வந்தால் 'to' வேண்டும், 'I want to eat'. 'make' வந்தால் அந்த 'to' கூடாது, 'I made her eat'. சாப்பிட வைத்தேன் என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதில்லையா, அப்படித்தான். எங்கள் பள்ளியில் சீனியர் மிஸ்ஸே இதைத் தப்பாகத்தான் சொல்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை.

'throw up' மாதிரி இரட்டைச் சொற்களுக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாய்? நம்மிடம் 'எடு' இல்லையா? படம் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், ஓட்டம் எடுக்கிறோம், பிள்ளையைத் தத்தெடுக்கிறோம். தனியாக 'எடு' என்பதை வைத்து யாராவது அர்த்தம் பார்க்கிறார்களா? இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக விழுங்கிவிடு.

இனி விஷயம். போன ஞாயிறும் நீ பேசி முடித்ததும் கீர்த்தி வாந்தி எடுத்தாள், 'threw up' தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, ஜுரம் நூற்றிரண்டு. டாக்டரம்மா ஏக்க ஜுரம் என்கிறார். பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் அக்கா, "அந்தப் போனை மொதல்ல தூக்கி உள்ள வை. மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் புள்ள ஏங்கிக்கினு கீது" என்கிறாள். கொஞ்ச நாளைக்கு நீ பேசாமல் இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே. கடிதம் எழுது, நான் படித்துக் காட்டுகிறேன்.

உன் அண்ணனுக்கு ஒரகடம் கம்பெனியில் இந்த வாரம் ராத்திரி ஷிப்ட். உன்னை விசாரித்தார்.
பரிமளா

திருச்சூர்
3 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஜுரம் விட்டதா? உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனைக் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வராந்தாவில் நடந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேசவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வாரம் 'stop'. 'I stopped to cry' என்றால் அழுவதற்காக நின்றேன். 'I stopped crying' என்றால் அழுகையை விட்டேன். இரண்டுமே எனக்கு உண்மை. திங்கட்கிழமை மாடிப்படியில் முதலாவது, செவ்வாய்க்கிழமை சாருக்குப் பயந்து இரண்டாவது. சார் இரண்டுக்கும் டிக் போட்டுவிட்டு, "குட், வெரி ரியல்" என்றார். அவரை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

அண்ணி, நீங்களும் எனக்குப் பத்து உண்மை வாக்கியங்கள் எழுதுங்கள். கீர்த்தியைப் பற்றி எழுதுங்கள். பாடமும் ஆகும், அவளைப் பார்த்த மாதிரியும் ஆகும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
கல்பனா

உத்திரமேரூர்
17 ஜூலை 2025

அன்பு கல்பனா,

உன் பெண் தேறிவிட்டாள், முதலில் அதைத் தெரிந்துகொள். ஜுரம் இறங்கவே மாட்டேன் என்றது. ஆண்டாளம்மாள் அக்கா சொன்னாளென்று போன திங்கட்கிழமை மாகறல் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வேண்டுதல் முடித்து வந்தோம். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள்.

கேட்ட வாக்கியங்கள் இதோ:

'Keerthi gets up before the cock.' சேவலுக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள், என்னையும் தூங்க விடுவதில்லை.

'She hates to comb her hair.' சீப்பைக் கண்டால் கட்டிலுக்கு அடியில்.

'I pick her up from UKG at three thirty.' 'her' நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கவனி. 'pick up her' என்று எழுதினால் உன்னை அடிப்பேன்.

'She has grown out of the green frock.' பச்சைக் கவுன் பத்தவில்லை.

மீதி ஆறும் தனித்தாளில் இருக்கிறது. படித்துவிட்டு அழாதே. பேனா மை கலைந்தால் திரும்ப எழுதித் தர என்னால் முடியாது.

எல்லோரும் சௌக்கியம்.
பரிமளா

திருச்சூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மழை ஓயவில்லை, என் இருமலும் ஓயவில்லை. அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லையே?

பச்சைக் கவுன் பத்தவில்லை என்பதை நாற்பது தடவை படித்திருப்பேன். இப்போது தேறிவிட்டாள் என்றால் நான் பேசலாமா அண்ணி? வீடியோ வேண்டாம், குரல் மட்டும். ஐந்து நிமிஷம். 'to' வுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். 'I want to' என்று ஐந்து எழுதச் சொன்னால் எனக்கு ஐந்தும் ஒன்றாகவே வருகிறது. 'I want to hear her.' சார் வேறு எழுது என்கிறார். எங்கே போவது?

நீங்களும் உங்களுடைய ஐந்தை எழுதி அனுப்புங்கள். எப்போது பார்த்தாலும் எனக்காகவே எழுதுகிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை.

பேசலாம் என்று ஒரு வரி போடுங்கள், போதும்.
கல்பனா

உத்திரமேரூர்
30 ஆகஸ்ட் 2025

அன்பு கல்பனா,

பதில் தாமதம். பள்ளியில் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை கழுத்தை நெரித்துவிட்டது. இருமலுக்கு மருந்து வாங்கினாயா? நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன் இப்போதைக்கு வேண்டாம். உன் பேரைச் சொன்னாலே முகம் வாடிவிடுகிறது. இப்போதுதான் ஆறியிருக்கிறது, கிளற வேண்டாம். நீ படி.

வாக்கியங்கள்:

'The gas ran out on Friday.' சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

'They put off the parents' meeting.' கூட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

'The bus broke down near Pullalur.' நடந்தே வந்தேன்.

'I want to' கேட்டிருந்தாய். புதிய கிரைண்டர் வாங்க வேண்டும், பி.எட். முடிக்க வேண்டும், ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். நான்கையும் இங்கிலீஷில் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், வேறு ஐந்து வாக்கியங்களும் அதில் இருக்கின்றன.

உன் அண்ணன் விசாரித்தார்.
பரிமளா

திருச்சூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கும்போதே உள்ளே ஏதோ குடைகிறது.

தனித்தாளையும் சேர்த்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டர் இருக்கிறது, பஸ் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பூனைகூட இருக்கிறது. ஒன்றில்கூடக் கீர்த்தி இல்லை. 'I want to' ஐந்தாவதை எழுதி, பேப்பர் கிழிகிற அளவுக்கு அடித்திருக்கிறீர்கள். அது என்ன அண்ணி? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள். எனக்கு இங்கே பைத்தியம் பிடித்துவிடும்.

பரீட்சை அக்டோபர் 11, சனிக்கிழமை, சென்னையில். வீட்டுக்கு வர மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் மறுநாள் என்னால் பேனா பிடிக்க முடியாது. முடித்துவிட்டு நேரே இங்கே திரும்பிவிடுவேன், ரிசல்ட் வரும்வரை இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள், கீர்த்தியை வைத்து.
கல்பனா

உத்திரமேரூர்
25 செப்டம்பர் 2025

அன்பு கல்பனா,

கீர்த்திக்கு ஒன்றும் இல்லை, கொழுகொழுவென்று இருக்கிறாள். வீண் கற்பனை வேண்டாம். அடித்தது எழுத்துப் பிழை.

வீட்டுக்கு வராமல் இருப்பதுதான் நல்லது. உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. கேட்கும்போது பதறாதே. 'pass out' என்றால் மயக்கம், 'come round' என்றால் தெளிதல். பரீட்சையை முடித்துவிட்டு எழுது.

'Keerthi lost a tooth.' கீழ்ப்பல், முன்னால்.

பரிமளா

திருச்சூர்
16 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

பரீட்சை எழுதிவிட்டேன். உடம்பு சரியில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அண்ணனுக்கும் உங்களுக்கும் தீபாவளி வாழ்த்துகள். ரிசல்ட் வந்ததும் தெரிவிக்கிறேன்.

கல்பனா

உத்திரமேரூர்
2 நவம்பர் 2025

கல்பனா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

உன் கடைசிக் கடிதத்தில் கீர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்கு மாதமாக ஒவ்வொரு வரியிலும் அவளைக் கேட்டவள் நீ. அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அண்ணனிடம் காட்டினேன். "இன்னும் எத்தினி நாளு மூடி வெச்சிக்கினு இருப்ப? நீயே எழுதிடு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்" என்றார். எழுதுகிறேன்.

ஜூலையில் மாகறலுக்குப் போனது சாதாரண வேண்டுதல் இல்லை. கீர்த்தியைத் தவிட்டுக்கு வாங்கினேன். நோயில் கிடக்கிற பிள்ளையை வேறொருத்திக்கு விற்றால் நோய் வழிதவறிப் போய்விடும் என்று செய்கிற வழக்கம் உனக்குத் தெரியும். நீ இல்லாததால் உன் பழைய மஞ்சள் புடவையை மடியில் போட்டுக்கொண்டு ஆண்டாளம்மாள் அக்கா உன் இடத்தில் உட்கார்ந்தாள். அரைப்படி தவிட்டை அவள் முந்தானையில் கொட்டினேன். அக்கா பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டு, "இனிமே இவதான் உனுக்கு அம்மா. கூப்புடு பாக்கலாம்" என்றாள். அதுவும் கூப்பிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது எனக்கு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்!

வழக்கப்படி அன்றைக்கே பிள்ளையைப் பெற்றவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எனக்காக நீ வளர்த்துக்கொடு என்று சொல்லி. பெற்றவள் அங்கே இல்லை. நான் வைத்துக்கொண்டேன்.

உன் பேரைச் சொன்னால் முகம் வாடுகிறது என்று எழுதியது பொய். ஜுரம் விட்டதும் அவள் தினமும் கேட்டாள். "அத்த, அம்மாவுக்குப் போன் போடு, பல்லு ஆடுதுன்னு சொல்லணும்" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். போன் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். ஒரு மாதம் கேட்டாள், அப்புறம் நிறுத்திக்கொண்டாள். இப்போது என்னை அத்தை என்று கூப்பிடுவதில்லை, அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் ஒரு நாளும் திருத்தவில்லை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் திருத்துகிறவள் நான்.

அந்த ஐந்தாவது வாக்கியம், 'I want to keep her.' அவளை நானே வைத்துக்கொள்ள வேண்டும். எழுதின பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீ பெயிலாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாஸ் பண்ணிவிட்டு அவளை மறந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். அது அதைவிட மோசம்.

என்னைத் திட்டு. வந்து அழைத்துக்கொண்டு போ. எப்போது வந்தாலும் அவள் துணிமணிகளை மடித்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

பரிமளா

திருச்சூர்
14 நவம்பர் 2025

அண்ணி,

நான் நன்றாக இருக்கிறேன். பாஸ் பண்ணிவிட்டேன். நான்கு பேப்பரிலும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தவிட்டுக் கதை தெரியாது, மற்றது தெரியும். அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, நான் உத்திரமேரூருக்கு வந்தேன். வர மாட்டேன் என்று சொன்னவள்தான், ஆனால் ரயில் காட்பாடியில் நின்றதும் கால் தானாக இறங்கிவிட்டது. காஞ்சிபுரம் வந்து பஸ் ஏறி, மூன்றே காலுக்கு உங்கள் பள்ளிக்கு எதிரே இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். செருப்பு வார் அவிழ்ந்திருந்தது. நீங்கள் குனிந்து மாட்டினீர்கள். அவள் உங்கள் தலையில் கையை ஊன்றிக்கொண்டு, "அம்மா, மெதுவா, வலிக்குது" என்றாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டு எழுதும் பேப்பரில் மூன்று தடவை கோட்டை விட்டவளுக்கு அது மட்டும் கேட்டது பாருங்கள். துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மறுநாள் ஹாலில் பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதது மாதிரி எழுதினேன்.

அன்றிலிருந்து உங்களைத் திட்டாத நாள் இல்லை. மலடி என்றுகூட ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்துக் கட்டில் பெண் திரும்பிப் பார்த்தாள். அதற்காக என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும். நானும் உங்களிடம் மறைத்தவள்தான். வந்ததை எழுதாமல், தீபாவளி வாழ்த்து எழுதினேன்.

அவளை அழைத்துக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே அழைத்துப் போவேன்? ஜனவரியில் அயர்லாந்து. முதல் ஒரு வருஷம் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் நான்கு பேருக்கு ஒரு வீடு, பிள்ளைக்கு இடமில்லை. அந்த ஒரு வருஷம் அவளை உங்களிடம்தான் விட வேண்டும். என்னை ஏமாற்றிய உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அவள் உங்கள் தலையில் கையை ஊன்றி நின்ற விதத்தையும் நான்தான் பார்த்தேன். பயமில்லாத பிள்ளைதான் அப்படி நிற்கும்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். விற்றது ஆண்டாளம்மாள் அக்கா, நான் இல்லை. நான் விற்காத பிள்ளையை நீங்கள் வாங்கியதாகக் கணக்கில்லை. உங்களை அவள் அம்மா என்று கூப்பிடுவதை நான் பிடுங்க மாட்டேன், அது அவள் வாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அந்த அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அவள் அழுதாலும் சரி, வாந்தி எடுத்தாலும் சரி. வருஷம் முடிந்ததும் நான் வந்து அழைத்துக்கொள்வேன். அன்றைக்கு நீங்கள் தடுக்கக் கூடாது. அழலாம், நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். அடுத்த ஞாயிறு, 23-ந் தேதி, காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். மடித்து வைத்த துணிகளை அலமாரியில் திருப்பி அடுக்குங்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் உங்கள் பின்னால் ஒளிந்துகொள்வாள். அம்மா வந்திருக்காங்க பார் என்று முன்னால் தள்ளாதீர்கள். ஒளிந்திருக்கட்டும். நான் கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் லீவு போட்டிருக்கிறேன்.

கல்பனா